முயல் நின்ற இடம்

ஜூன் 3, செவ்வாய்

ஹெலன் மேடம் சொன்னார் என்பதற்காக எழுதுகிறேன். மற்றபடி முப்பத்தெட்டு வயதில் டைரி எழுதிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை நான். குடும்ப ஆலோசனை மையத்தில் அந்த அம்மாள் என்னை உட்கார வைத்து, கோபம் எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்கிறேன் என்று தினமும் குறித்து வைக்கச் சொன்னார். வாங்கிப் படிக்கப் போவதில்லையாம். படித்தால்தான் என்ன, எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். போன மாதக் கடைசியில் சமையலறையில் ஒரு வாக்குவாதம் முற்றி, நான் கையிலிருந்த டீபாட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். சுவரில். அது உடைந்து, ஒரு சில்லு தெறித்து, சிங்க் பக்கத்தில் நின்றிருந்த சுகன்யாவின் இடது புருவத்துக்கு மேலே பட்டுவிட்டது. எந்த வீட்டில் நடக்கவில்லை? அவள் தையல் போட்டுக்கொண்டு, தன்வியைத் தூக்கிக்கொண்டு, கோபிசெட்டிபாளையத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியில் மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதியும் ஆயிற்று. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தாறாம் தேதி ஹெலன் மேடம் எங்கள் இருவரையும் வைத்துப் பேசுவார். அதன் பிறகு சுகன்யா குழந்தையோடு வீட்டுக்கு வருவாள். அல்லது கையெழுத்துப் போடுவாள். அதுவரை நான் கோபி பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

என் வேலை என்ன என்று கேட்டார். சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் உடைக்கிறேன் என்றேன். கார், கட்டடம், மண்டை, எதுவானாலும். ரத்தமும் நான்தான் செய்வேன். அந்த அம்மாள், "அப்ப கோபம் வந்தா வீட்ல உடைக்காம அதுல உடைங்களேன்" என்றார். நல்ல யோசனைதான். இதற்கு மட்டும் பாராட்டலாம்.

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து உடைத்தேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் புழங்குகிற சில பழைய மாடல்கள் உண்டு. முதலாவது டீபாட். ஐம்பது வருடம் முன்பு அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சியாளர் தன் வீட்டு டீபாட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்தது. அதற்குப் பிறகு முயல். ஒரு மண்பொம்மையை லேசர் வைத்து அளந்து எடுத்தது. அப்புறம் டிராகன். புதிதாக ஒரு மென்பொருள் வந்தால், வெளிச்சம் சரியாக விழுகிறதா, கண்ணாடி கண்ணாடியாகத் தெரிகிறதா என்று இவற்றை வைத்துத்தான் பார்ப்போம். யாருக்கும் சொந்தமில்லாத பொருள்கள், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

முயலை மேலேயிருந்து போட்டேன். காது போனது. இரும்பு உருண்டையை ஏவினேன். வயிறு போனது. உள்ளே சிவப்புத் திரவம் நிரப்பி மறுபடி ஏவினேன். டிராகனை இரண்டு சுவருக்கு நடுவில் வைத்து நெரித்தேன். பழைய மென்பொருளில் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருக்கும். இப்போதெல்லாம் காபி ஆறுவதற்குள் தூள் தூளாகிவிடுகிறது. மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

உடைந்த எங்கள் டீபாட்டும் அதே ஜாடைதான். நானும் சுகன்யாவும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தோம், அவள் மாடல் செய்கிறவள், நான் உடைக்கிறவன். கல்யாணத்துக்கு அங்கிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வெள்ளைப் பீங்கானில் தேடிப் பிடித்துக் கொடுத்தது. தன்வி பிறந்ததும் அவள் வேலையை விட்டாள். நான் விட வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம். குழந்தைக்கு ஆள் வேண்டாமா?

ஜூன் 5, வியாழன்

கேஸ் சிலிண்டர் போட வந்தவனிடம் கத்தவில்லை. ஹெலன் மேடம் குறித்துக்கொள்ளவும்.

ஜூன் 7, சனி

மச்சான் நந்தகோபால் வந்தான். சுகன்யாவின் அண்ணன். பருத்தி மில்லில் கணக்குப் பார்க்கிறவன், எறும்புக்கும் வழி விட்டு நடப்பான். தன்வியின் புத்தகப் பை, யூனிஃபார்ம், பிறந்த சான்றிதழ் வேண்டுமாம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, கோபியிலேயே ஒன்றில் சேர்த்தாயிற்று என்றான். என்னைக் கேட்கவில்லை. பெற்ற அப்பன் ஒருவன் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைசியில் சுகன்யாவின் பழைய டிராயிங் டேப்லெட்டையும் கேட்டான். அவள் வேலை பார்த்தபோது வாங்கியது, பரணில் கிடந்தது. எதுக்குடா அது என்றேன். "கேட்டாளுங்க மாப்ளே" என்றான், அவ்வளவுதான். அந்த 'மாப்ளே'யைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கை போய்விட்டது. உதடு கிழிந்து அவன் சட்டையில் ரத்தம். திருப்பி அடிப்பான் என்று பார்த்தேன். அவன் டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனான். அடித்திருந்தால் இரண்டு பேருக்கும் சரியாகப் போயிருக்கும். அடிக்காமல் போனால் நான்தானே கெட்டவன்.

மதியம் முயலைச் சம்மட்டியால் அடித்தேன். போதவில்லை.

ஜூன் 9, திங்கள்

அதிகாலையில் பல் துலக்கும்போது வந்தது யோசனை. நான் ஏன் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? செய்தே காட்டலாமே. எங்கள் சமையலறையை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டி, டீபாட் மாடலை என் கை நின்ற இடத்திலிருந்து ஏவி, அது சுவரில் பட்டுச் சில்லு எப்படித் திரும்பியது என்று இயற்பியல் கணக்கோடு காட்டினால் ஹெலன் மேடம் என்ன, ஹைகோர்ட்டே வாயை மூடும். ஆள் உருவம் வைத்தால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். அவளுக்குப் பதில் முயல்.

டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தேன். வாசற்படியிலிருந்து சுவர், சிங்க், ஃப்ரிட்ஜ். டீபாட் சுவரில் பட்ட இடத்தை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. டார்ச் அடித்துத் தேடினேன். ஒரு கீறல் கிடையாது. நல்ல பெயிண்ட்தான் அடித்திருக்கிறான்.

ஃப்ரிட்ஜை நகர்த்தியபோது அதன் காலடியில் காய்ந்த ரத்தம் ஒரு கை அகலத்துக்கு இருந்தது. சிங்க் அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். தரை சாய்வாக இருக்கும், ஓடி வந்திருக்கும். பக்கத்திலேயே தன்வியின் ஹேர்பேண்ட். இந்தப் பிள்ளை போட்டதைப் போட்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகும், எத்தனை தடவை சொன்னாலும் கேட்காது. அவள் அப்போது ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சுத்தம் செய்தேன்.

ஜூன் 11, புதன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்றைக்கு நானும் அப்படித்தான் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. டீபாட்டைக் கொண்டு வந்து போடும்போது அளவைக் கவனிக்கவில்லை. சென்டிமீட்டர் மீட்டராகிவிட்டது. ஏவினேன். தண்ணீர் லாரி பெரிதாக ஒரு டீபாட் வந்து சமையலறையையே நசுக்கியது. அடுப்பு, ஃப்ரிட்ஜ், முயல் எதுவும் மிஞ்சவில்லை. கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

அளவைச் சரி செய்தால் அடுத்த வம்பு. அந்தப் பழைய டீபாட்டுக்கு முதலில் அடிப்பாகமே வரையவில்லை, என்னிடம் இருப்பது அந்தப் பிரதி. முயலுக்கும் அடியில் ஓட்டை. ஓட்டை உள்ள பொருளை உடைத்தால் சில்லெல்லாம் வெறும் காகிதமாக வரும், கனம் இருக்காது. இரண்டுக்கும் அடி வைத்து மூடினேன். முயலைச் சுகன்யாவின் உயரத்துக்குப் பெரிதாக்கி சிங்க் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் எடையும் கொடுத்தேன். எல்லாம் நியாயமாக இருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

என் கை வீசுகிற வேகம் தெரிய வேண்டும். போனை ஸ்டாண்டில் வைத்து, வீட்டில் இருக்கிற எவர்சில்வர் செம்பை எடுத்துச் சுவரில் எறிந்து படம் பிடித்தேன். முதலில் எறிந்ததெல்லாம் மெதுவாகப் போனது. சும்மா எறிந்தால் அப்படித்தான். அன்றைக்கு அவள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். "உங்க கூட இருக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க பாக்கலாம்" என்றாளே, அதை. அப்போது சரியாக வந்தது. செம்பு நெளிந்து, சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அந்த வேகத்தைக் குறித்துக்கொண்டேன்.

கீழ் வீட்டு வரதராஜன் மேலே வந்தார். பேங்கில் ரிட்டையர் ஆனவர், உலகத்துக்கே மேனேஜர். என்ன சத்தம் என்றார், செம்பு கை தவறிப் போய்விட்டது என்றேன். போன வாரமும் இதே சத்தம், போன மாதமும் இதே சத்தம், குழந்தை அலறினதும் கேட்டது என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். குழந்தை என்றால் என் வேலையும்தான் என்றார். சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். கண்ணாடி விழுந்து உடைந்தது. மனிதர் உட்கார்ந்த வாக்கில் நான்கு படி போனார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை.

தன்வி அலறினாளா? டிவி சத்தமாக இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தன்வியோடு போனில் பேச ஹெலன் மேடம் அனுமதி. நந்தகோபால் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டான். புது ஸ்கூல் எப்படி என்றேன். நல்லா இருக்குது என்றாள். அப்பா வேண்டுமா என்றேன். அதற்கு அவள் சொன்னது: "அப்பா, அம்மா கம்ப்யூட்டர்ல மொசல் பண்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடமாகத் தொடாதவள், இப்போது இருக்கிற மென்பொருளைத் திறந்தால் எந்தப் பொத்தான் எங்கே என்றே தெரியாது. முயலில் ஆரம்பிக்கிறாள் பாவம், பாலர் பள்ளி.

அம்மா தலை வலிக்கிறது என்கிறார்களா என்று கேட்டேன். போன் கட் ஆகிவிட்டது.

ஜூன் 18, புதன்

மூன்று நாளாக ஓட்டுகிறேன். வரவில்லை.

டீபாட் பறக்கிறது, சுவரில் மோதுகிறது, உடைகிறது. அதுவரை எல்லாம் அழகு. அதன் பிறகு சில்லெல்லாம் சுவர் ஓரமாகவே பொத்தென்று விழுந்துவிடுகிறது. ஒன்றிரண்டு உருண்டு முயலின் காலடி வரைக்கும் வருகிறது. புருவம் வரைக்கும் ஒரு தூசு வரவில்லை. கோணத்தை மாற்றினேன். உயரத்தை மாற்றினேன். பீங்கானின் தடிமனை மாற்றினேன். முயலை ஒரு அடி பக்கத்தில் நகர்த்தினேன். நான் நின்ற இடத்தை நகர்த்தினேன். எதற்கும் மசியவில்லை. அந்த முயல் பாட்டுக்கு வெள்ளையாக, முழுசாக, காதை விறைத்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கப் பார்க்க எரிந்தது. கீபோர்டை எடுத்து மேஜை விளிம்பில் அடித்தேன். பட்டன்கள் சோளப்பொரியாகச் சிதறின. உள்ளங்கை கிழிந்துவிட்டது, துணியைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

நடுவில் சினிமா வேலை ஒன்றையும் முடித்து அனுப்பினேன். வில்லன் ஒருவனைச் சம்மட்டியால் அடிக்கிற காட்சி. மண்டையோடு எப்படி விரிய வேண்டும், ரத்தம் எந்தப் பக்கம் பீய்ச்ச வேண்டும் என்று என்னை விட்டால் ஆள் கிடையாது. அனுப்பின அரை மணியில் டைரக்டரே போன் செய்து, சார் நேரில் பார்த்த மாதிரி இருக்குது என்றார்.

இந்தச் சின்ன டீபாட்டுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டது.

ஒரு பொருள் மோதினால் எவ்வளவு திரும்பித் துள்ளும் என்பதற்கு மென்பொருளில் ஒரு எண் உண்டு. பூஜ்யம் என்றால் சாணி உருண்டை. ஒன்று என்றால் ரப்பர் பந்து. சிமெண்ட் சுவருக்குக் கொஞ்சமாக வைத்திருந்தேன். அதைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். சில்லு திரும்பி வந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் போனபோது அழகாக வளைந்து வந்து முயலின் இடது கண்ணுக்கு மேலே பட்டது.

ஏமாற்று இல்லை இது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அந்த இடத்துக்குக் கணக்கைக் கொண்டு வருகிறேன், அவ்வளவுதான். சினிமாவிலும் அப்படித்தான் செய்கிறோம். டைரக்டருக்கு என்ன வேண்டுமோ அதற்குத்தான் இயற்பியல்.

ஜூன் 21, சனி

ரெண்டர் ஓடுகிறது, கணக்கையெல்லாம் படமாக்குகிற வேலை. ஜன்னல் வெளிச்சம், கிரானைட் பளபளப்பு, எல்லாம் நிஜம் மாதிரியே வருகிறது. எலுமிச்சை சாதம் செய்தேன், உப்பு கூடிவிட்டது. தட்டைக் கழுவித்தான் வைத்தேன், எறியவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஹெலன் மேடத்துக்கு வீடியோவை அனுப்பினேன். கூடவே மூல ஃபைலையும். வெறும் வீடியோ அனுப்பினால் கிராஃபிக்ஸ்காரன் ஏதோ பொம்மை காட்டுகிறான் என்பார்கள். மூலத்தையே கொடுத்தால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தலாம். அவருக்குத் திறக்கத் தெரியாது, அது வேறு.

மெத்தை விரிப்பெல்லாம் துவைத்துப் போட்டேன். தன்விக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கி வைத்தேன். வியாழக்கிழமை அப்படியே காரில் கூட்டி வந்துவிடலாம்.

ஜூன் 26, வியாழன்

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

சுகன்யா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். புருவத்துக்கு மேலே தையல் பிரித்த தழும்பு, நான் நினைத்ததைவிட நீளம். நந்தகோபால் கதவருகில். உதட்டில் இன்னும் கறுப்பு இருந்தது. தன்வியைக் கூட்டி வரவில்லை. மேஜையில் ஒரு லேப்டாப் இருந்தது, மையத்துக்கு உடையது என்று நினைத்தேன்.

ஹெலன் மேடம் வீடியோவை ஓட்டினார். நன்றாகவே இருந்தது, என் வேலையை நானே சொல்லக் கூடாது. இந்த முயல் யார் என்று கேட்டார். சுகன்யா என்றேன். அவர் மறுபடி ஓட்டினார். நான் கணக்கையெல்லாம் விளக்கினேன். எடை, வேகம், தூரம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, பாருங்கள் மேடம், சுவரில் எறிந்தது, தெறித்தது என்றேன்.

சுகன்யா கேட்டாள்: "மேடம், அந்த ஃபைலை நான் தொறந்து காட்டலாமுங்களா?"

லேப்டாப் அவளுடையது. ஃபைல் அதில் ஏற்கெனவே இருந்தது, திங்கட்கிழமையே அவர் அவளுக்கும் அனுப்பியிருக்கிறார். இரண்டு தரப்புக்கும் காட்டுவது வழக்கமாம். அவள் விரல்கள் பொத்தான்களைத் தேடவில்லை. நேராகப் போய் என் சுவரைத் தொட்டு, எண்கள் இருக்கிற பட்டியைத் திறந்தாள்.

"இங்க பாருங்க மேடம். செவுத்தை அப்படியே ரப்பரா வெச்சிருக்கறாருங்க." அதைச் சிமெண்டுக்கு உரிய எண்ணுக்கு இறக்கினாள். ஓட்டினாள். சில்லெல்லாம் சுவர் ஓரமாகப் பொத்தென்று விழுந்தது. முயல் முழுசாக நின்றது. ஹெலன் மேடம் என்னைப் பார்த்தார். பழைய எண் தப்பாக நின்றிருக்கும் என்றேன்.

அப்போதுதான் சுகன்யா முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் அங்க நிக்கலீங்க."

முயலைப் பிடித்து, சிங்க் பக்கத்திலிருந்து இழுத்து, ஃப்ரிட்ஜ் மூலைக்குக் கொண்டு போனாள். உயரத்தைக் குறைத்தாள். தரையில் உட்கார வைத்தாள். ஏன் தரையில் இருந்தீர்கள் என்று ஹெலன் மேடம் கேட்டார். தள்ளிவிட்டார், எழுந்திருக்கவில்லை என்றாள், ஏதோ மார்க்கெட்டுக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி. நான் குறுக்கே பேச வாயெடுத்தேன், மேடம் கையைக் காட்டினார்.

அதன் பிறகு அவள் முயலை ஒரு பிரதி எடுத்தாள். அதைச் சின்னதாக்கினாள். பெரிய முயலின் மடியில் வைத்தாள். அது தன்வி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழந்தை ஹாலில் இருந்தாள், டிவி பார்த்துக்கொண்டிருந்தாள் என்றேன்.

"அவ எங்கிட்ட ஓடி வந்துட்டாளுங்க. மடியில இருந்தா."

என் கை நின்ற இடத்தை அவள் மாற்றவில்லை. டீபாட் போகிற திசையை மட்டும் சுவரிலிருந்து மூலைக்குத் திருப்பினாள். ஓட்டினாள். டீபாட் ஒரே நேராகப் போய்ச் சின்ன முயலின் தலையில் பட்டது. காது இரண்டும் தனியாக விழுந்தன. முகம் பாதி போனது. உடைகிற மாதிரி அதை நான் அமைத்துக் கொடுத்திருந்தேன், பிரதி எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்திருக்கிறது. துண்டுகள் பெரிய முயலின் மேல் சரிந்தன.

"நான் குனிஞ்சுட்டனுங்க மேடம். அதனாலதான் தையல் எனக்கு."

நான் எழுந்தேன். அந்தப் படத்தை மூட வேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. லேப்டாப்பை ஓங்கி அடித்து மூடினேன். அவள் விரல்கள் நடுவில் இருந்தன. ஒரு சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் என்று நினைத்தேன். மூடியை மறுபடி ஒரு தடவை அழுத்தினேன். நந்தகோபால் பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்து இழுத்தான், இந்தத் தடவை அவன் விடவில்லை. நாற்காலியோடு விழுந்தேன். வராந்தாவிலிருந்த பெண் காவலர் உள்ளே வந்து என் கையை முதுகுப் பக்கம் முறுக்கினார். தரையில் முகம் வைத்துக் கிடந்தபடி பார்த்தேன். சுகன்யாவின் நடுவிரல் கோணலாக இருந்தது. நகத்தடியிலிருந்து ரத்தம் மேஜை விளிம்பில் வழிந்தது. அழவில்லை. ஹெலன் மேடம் முதலில் ஆஸ்பத்திரி என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"முதல்ல புகாரைக் குடுங்க மேடம். கையெழுத்துப் போட்டுட்டுப் போறனுங்க."

வலது கை முடியாததால் இடது கையால் போட்டாள். ஒரு சின்னக் குழந்தையின் எழுத்து மாதிரி வந்தது. அது செல்லும், சாட்சி இருக்கிறது என்றார் காவலர். நாளை சாயங்காலம் நிலையத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் வந்து கூட்டிப் போவார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு என்னை விட்டார்கள்.

வாங்கி வைத்த பிஸ்கட் மேஜையிலேயே இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

சாயங்காலம் நிலையத்துக்குப் போக வேண்டும். சுகன்யாவின் வக்கீல் ஒருவர் போன் செய்து, தன் பேரைக்கூடச் சொல்லாமல், விரல் எலும்பு முறிந்திருக்கிறது, இனி பேச்சு வார்த்தைக்கு இடமில்லை என்று போனை வைத்துவிட்டார்.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் கணக்கில் எங்காவது தப்பு இருக்கும். ஆறு வருடம் தொடாதவள், அவசரத்தில் செய்தாள், எதையாவது விட்டிருப்பாள். அவள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நானும் செய்தேன். சுவரை இறக்கினேன். முயலை ஃப்ரிட்ஜ் மூலையில் உட்கார வைத்தேன். சின்னதை மடியில் வைத்தேன். அதன் எடையைத் தன்வியின் எடைக்கு மாற்றினேன், அதை அவள் மாற்றாமல் விட்டிருந்தாள். தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. ஓட்டினேன். சின்ன முயலின் தலை போனது.

திசையைக் கொஞ்சம் திருப்பினேன். தோள் போனது. உயரத்தைக் கூட்டினேன், காது போனது. குறைத்தேன், நெஞ்சில் பட்டது. வேகத்தைப் பாதியாக்கினேன். அப்போதும் முகத்தில் விரிசல் விட்டது. என் கையை வாசற்படிக்கு வெளியே, ஹாலுக்கே நகர்த்தினேன். டீபாட் நேரம் எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் விழுந்தது. குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் துண்டுகளை அழித்துவிட்டுச் சின்னதை முழுசாக மறுபடி மடியில் வைத்தேன். என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், தொண்டை கட்டியிருக்கிறது.

கடைசியில் எதையும் மாற்றாமல், என் வேகத்திலேயே, என் இடத்திலிருந்தே வைத்தேன். பெரிய முயலை மட்டும் கொஞ்சம் முன்னால் குனிய வைத்தேன்.

டீபாட் அதன் இடது கண்ணுக்கு மேலே பட்டது. சின்னதுக்கு ஒன்றும் ஆகவில்லை.